கட்டை இல்லாத படம்

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் கூலியாஷ் கைப்பேசியைக் கம்பளிச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். வெளிப்பையில் வைத்தால் குளிரில் பேட்டரி செத்துப்போகும். இன்றைக்கு அது சாகக் கூடாது. அதில் ஒரு படம் இருந்தது. ஜூலையில் எடுத்தது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை. டிராலி பஸ் டிப்போவில் தன்னோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கு எல்லாப் பறவையும் காக்கா, இல்லாவிட்டால் புறா. பார்த்தால் புரிகிறவர்கள் இன்றைக்கு ஒரே அறையில் இருப்பார்கள்.

அல்மாத்தியில் பறவை பார்க்கிறவர்கள் வருஷக் கடைசியில் கூடுவது ஒரு பள்ளிக்கூடத்தின் உயிரியல் வகுப்பில். மூலையில் பஞ்சடைத்த கானமயில் ஒன்று ஒற்றைக் கண்ணோடு நிற்கும். மேசைகளைச் சேர்த்துப் போட்டு பவுர்சாக் என்ற பொரித்த மாவுருண்டை, குதிரைக்கறி, ஆரஞ்சுப் பழம் எல்லாம் பரப்பிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பறவை. அந்த வருஷம் பார்த்ததிலேயே மனசுக்குப் பிடித்தது எதுவோ, அதை மட்டும் சொல்ல வேண்டும். எங்கே பார்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடத்தை மறைக்கிறவனுக்கு அந்தக் கூட்டத்தில் மரியாதை கிடையாது. எல்லாரும் பேசி முடித்ததும் பிடித்தவர் முன்னால் இருக்கும் காலி டீக் கிண்ணத்தில் ஒரு சர்க்கரைக் கட்டி போடுவார்கள். யார் கிண்ணத்தில் அதிகம் சேருகிறதோ அவர் பறவை பார்த்த இடத்துக்குத்தான் மே மாதம் மொத்தக் கூட்டமும் வண்டி பிடித்துப் போகும். காரில் வருகிறவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பிள்ளைகளின் சிநேகிதர்களுமாக ஒரு கல்யாணக் கூட்டமே சேர்ந்துவிடும்.

டிராலி பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வருஷத்தைத் திரும்பிப் பார்த்தாள். மோசமான வருஷம் என்று சொல்ல முடியாது. ஜனவரியில் உறைந்த ஏரிமேல் ஒரு வெண்வால் கழுகு, செத்த மீனை மிதித்துக்கொண்டு, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் நிற்பது மாதிரி நின்றது. மார்ச்சில் டிப்போவின் எண்ணெய்க் குட்டையில் முதல் வாலாட்டி. ஏப்ரலில் புல்வெளிக்கு மேல் கர்க்கரா கொக்குகள் சத்தம் மட்டும் கேட்க, ஆளே தெரியாத உயரத்தில் போயின. ஆகஸ்டில் மின்கம்பி முழுக்கப் பஞ்சுருட்டான்கள், ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு. எல்லாம் நல்லவைதான். ஆனால் அவளைக் கேட்டால் அந்த வருஷம் என்பது கராசு ஆறுதான்.

கராசு மலையிலிருந்து பனி உருகி இறங்கும் சின்ன ஆறு. அதன் நடுவில் ஒரு சரளைக்கல் திட்டு. அந்தத் திட்டில் வசந்தத்தில் ஒரு ஜோடி அரிவாள் அலகன் கூடு வைத்திருந்தது. சாம்பல் முதுகு, கறுத்த முகம், கீழ்நோக்கி வளைந்த சிவந்த அலகு. கல்லோடு கல்லாக உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற ஆடுகூட மிதித்துவிடும். அப்படி ஒரு நிறம். வெளிநாட்டிலிருந்து இதற்கென்றே விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் ஏப்ரல் கடைசியில் அங்கே போய் வந்தார்கள். போனவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத் திட்டினார்கள். கூட்டுக்கு முன்னால் ஆறு கொண்டுவந்து போட்ட ஒரு வேர்க்கட்டை கிடந்தது. வெள்ளி மாதிரி வெளுத்து, விரல் விரலாக வேர் நீட்டிக்கொண்டு. யார் படம் எடுத்தாலும் பறவையின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வேர். கூலியாஷ் மட்டும் எதிர்க்கரையில் வெகு தூரத்தில் தொலைநோக்கியை ஊன்றிக்கொண்டு, படமே எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மே மாதம் மறுபடியும் போனபோது கூடு காலி. முட்டை ஓடு இரண்டு, ஓட்டில் அலகு குத்திய ஓட்டை. கரைப் பாப்ளார் மரத்தில் காக்கைகள் வயிறு நிறைந்த சோம்பலில் உட்கார்ந்திருந்தன. கட்டையையும் காணோம். தண்ணீர் ஏறியபோது அடித்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காக்கையைத் திட்டிவிட்டு வந்தாள். வேறு யாரைத் திட்டுவது?

அதன்பிறகு கூட்டத்தில் ஒருவரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. முட்டை இல்லை என்றால் படம் இல்லை. படம் இல்லாத இடத்துக்கு யார் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவார்கள்? ஜூலையில் அவள் தனியாகப் போனாள். ஜூன் வெள்ளம் ஆட்டிடையர்களின் மரப்பாலத்தைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. சரளைத் திட்டே இல்லை. அது இருந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததும் தண்ணீர் வடிந்திருக்கும் நேரம் பார்த்து ஆற்றைக் கடந்து மேலே ஏறினாள். பாலம் இருந்த இடத்துக்கு வெகு மேலே, ஆறு இரண்டாகப் பிரியும் கல்வெளியில், அதே சிவந்த அலகு கூழாங்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கல் நகர்ந்தது. கல் இல்லை, குஞ்சு. கீழே இழந்ததை அவை மேலே போய் மறுபடி தொடங்கி, ஒன்றைக் காப்பாற்றியிருந்தன. தொலைநோக்கியின் கண்ணாடியில் கைப்பேசியை வைத்து ஒரே ஒரு படம் எடுத்தாள். ஓரம் கறுத்து, நடு மங்கி, அழகே இல்லாத படம். அன்றைக்கு இறங்கி வரும் வழியெல்லாம் அவளுக்குச் சத்தமாகப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடத் தெரியாததால் பாடவில்லை.

அதைத்தான் இன்றைக்குக் காட்டப்போகிறாள். சர்க்கரைக்காக இல்லை. ஒரு நல்ல செய்தியை அரை வருஷம் வயிற்றில் வைத்திருப்பது சாதாரண பாரம் இல்லை.

அறைக்குள் லிதியா பெத்ரோவ்னா பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஓய்வுபெற்ற பியானோ டீச்சர். ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்துப் பல வருஷம் பழகியவள். நேர்மையான மனுஷி, நல்ல கண், ஆனால் வாயில் எதுவும் தங்காது.

"என்ன கூலியா, மூஞ்சி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு? எதையோ ஒளிச்சு வெச்சிருக்க நீ."

"கொஞ்சம் பொறுங்க லிதியா பெத்ரோவ்னா. என் முறை வரட்டும்."

"மேல போனியே ஜூலைல, அதானே? நான் அப்பவே எல்லார்கிட்டயும் சொன்னேன், இவ சும்மா போயிட்டு வர்ற ஆள் இல்லன்னு."

"எல்லார்கிட்டயுமா?"

"ஒரு நாலு பேர்கிட்டதான்" என்று லிதியா பவுர்சாக்கை டீயில் நனைத்தாள்.

தலைவர் தொலெகென் ஆகா கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டித் தொடங்கிவைத்தார். அவருக்கு முதலில் பேசும் உரிமை, பெரியவர் என்பதால். 'ஆகா' என்பதே அங்கே பெரியவரை மரியாதையாக அழைக்கும் சொல். பாலைவனத்தில் கல்கௌதாரிக் கூட்டம் ஒன்று தண்ணீர்க் குட்டைக்கு இறங்கியதை அவர் கை ஆட்டிச் சொன்ன விதத்தில் இரண்டு கிண்ணம் கவிழ்ந்தது. லிதியா தன் குடியிருப்பு முற்றத்துப் பழ மரத்தில் கொண்டைவைத்த குளிர்காலப் பறவைகள் புளித்த பழத்தைத் தின்று போதையில் விழுந்துகிடந்ததைச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ இதே மாதிரிதான் அதே மரத்தடில கிடப்பாரு" என்றதும் அறை குலுங்கியது. ரொட்டிக்கடை வைத்திருக்கும் சாபித், குண்டு மனிதன், பூநாரை பார்க்கப் போய் சேற்றில் ஒரு பூட்ஸை விட்டு வந்த கதையைச் சொன்னான். பறவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து ரவீல். பல் மருத்துவர். குழலே முழங்கை நீளம் இருக்கும் கேமரா வைத்திருப்பவன். திரையில் படத்தைப் போட்டான்.

கராசுத் திட்டு. அரிவாள் அலகன் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணில் வானம் தெரிந்தது. அலகில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"அடேங்கப்பா" என்றார் தொலெகென் ஆகா. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்கப்பா! அந்தப் பாழாப்போன கட்டை இல்லாம!"

"நான் எடுத்ததுல எல்லாம் அதுக்கு மீசை மொளைச்ச மாதிரி வேர் நிக்கும்" என்றான் சாபித்.

கைதட்டினார்கள். கூலியாஷும் தட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. முட்டை இருக்கிறது. தண்ணீர் ஏறவில்லை, திட்டைச் சுற்றிக் கல் காய்ந்துகிடக்கிறது. அப்படியானால் கட்டையை எது அடித்துக்கொண்டு போனது?

ரவீல் அடுத்த படத்தைப் போட்டான். "இது சும்மா, நான் எப்படிக் கஷ்டப்பட்டேன்னு காட்ட. என் மச்சான் எடுத்தது." பறவைக்குத் தெரியாமல் மறைக்கும் மூடுவலைக்குள் கேமராவோடு அவன், கூட்டிலிருந்து பத்துத் தப்படி இருக்காது. வசதியாக உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தது வெளுத்த வேர்க்கட்டைமேல்.

"ரவீல்" என்றாள் கூலியாஷ். "நீ எதுமேல உக்காந்திருக்க?"

"வலைக்குள்ளயா அப்பாய்? ஏதோ கட்டை." கூட்டத்தில் சின்னவர்கள் எல்லாருக்கும் அவள் அப்பாய், அதாவது அக்கா.

"ஏதோ கட்டையா?"

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். "ஓ, அதுவா. ஆமா, கொஞ்சம் நகர்த்தினேன். கூட்டத் தொடல, முட்டையத் தொடல. சத்தியமா. பறவை திரும்பி வந்து உக்காந்துச்சே, படத்துலயே தெரியுதே."

"கிளம்பறப்போ திருப்பி வெச்சியா?"

"அப்பாய், அது எவ்வளவு கனம் தெரியுமா? ரெண்டு பேரு சேர்ந்து இழுத்தோம், வலையக் கழட்டறப்போ அது ஆத்துல உருண்டு போச்சு. இடுப்பு போயிடுச்சு."

சிலர் சிரித்தார்கள். கூலியாஷ் திரையைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அந்தக் கட்டை உன் படத்துக்குத்தான்டா குறுக்க இருந்துச்சு. அந்தப் பறவைக்கு அது கதவு. மரத்துல உக்காந்து காக்கா பாத்தா கூடு தெரியாம இருந்தது அதனாலதான். கதவக் கழட்டி அதுமேலயே உக்காந்து படம் எடுத்துட்டு, காக்காய்க்கு வீட்டத் திறந்து விட்டுட்டு வந்திருக்க. அப்புறம் மே மாசம் நான் போனேன். ஓடுதான் கிடந்துச்சு."

"காக்கா திங்கறது இயற்கை, அப்பாய்."

"நீ கட்டைய இழுத்ததும் இயற்கையா?"

"அப்பாய், இன்னைக்குக் கட்டைக்கு இரங்கல் கூட்டமா?" என்றான் சாபித். "சொல்லுங்க, எந்திரிச்சு நிக்கறோம்."

இந்த முறை சிரிப்பு பலமாக வந்தது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பறவைக்காக உயிரை விடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் முகங்கள். மார்பில் தூக்கணாங்குருவி பேட்ஜ் குத்தியவர்கள். வேலியில் மாட்டிய ஆந்தைக்கு நன்கொடை வசூலித்தவர்கள். ஒருத்தராவது ரவீலைப் பார்த்து 'சே' என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர்கள் பார்வை திரைக்கே திரும்பத் திரும்பப் போனது. அந்தக் கட்டை போகட்டும் என்று அவர்கள் எல்லாருமே மனசுக்குள் வேண்டிக்கொண்டவர்கள். ரவீல் அவர்களுக்கும் சேர்த்து இழுத்துப் போட்டிருக்கிறான். அவனை எப்படித் திட்டுவார்கள்?

"நானும்தான் அந்தக் கட்டையச் சபிச்சேன்" என்றாள் லிதியா மெதுவாக. "ஆனா இழுக்கல." அவள் ரவீலை நேராகப் பார்த்தாள். "தப்பு பண்ணிட்ட தம்பி."

அறையில் அது ஒன்றுதான் மனுஷக் குரல். ஆனால் அந்தக் குரலே விஷயத்தை வேறு பக்கம் தள்ளிவிட்டது. தொலெகென் ஆகா எழுந்து நின்றார். சமாதானம் செய்வதில் அவருக்கு ஒரு ருசி.

"சரிப்பா. நடந்தது நடந்துபோச்சு. ரவீல் வேணும்னு பண்ணல. பரிகாரமா ஒண்ணு பண்ணுவோம். கூடு போன ஜோடி மேலதான் போயிருக்கும். வர்ற மே மாசம் சர்க்கரை கிர்க்கரை எதுவும் வேணாம், எல்லாருமா பாலத்தத் தாண்டி மேல ஏறுவோம். நான் குதிரைக்குச் சொல்றேன். ஆத்த அடி அடியாத் தேடுவோம். கண்டுபிடிச்சு, சுத்திக் கயிறு கட்டிக் காவல் போடுவோம். என்ன சொல்றீங்க?"

"பிரமாதம் ஆகா!" என்றான் ரவீல். உண்மையாகவே அவன் முகம் மலர்ந்தது. "கூடாரம் என் செலவு. முறை வெச்சுக் காவல் இருக்கலாம். கேமராவும் கொண்டு போறேன், யாராவது கிட்ட வந்தா பதிவாகும்."

"கூலியாஷ் அப்பாய் ஜூலைல மேல போனாங்களே" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள். அதுதான் பயங்கரமாக இருந்தது. இவ்வளவு பேர், குதிரை, கூடாரம், கயிறு, கரையில் அடுப்பு மூட்டி டீ. பறவையைக் காப்பாற்ற வந்த கூட்டத்தைப் பார்த்தே அது முட்டையை விட்டு ஓடும். இவர்கள் வருத்தப்படாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"உன் முறைதான் கூலியாஷ்" என்றார் தொலெகென் ஆகா. "சொல்லு. இந்த வருஷம் உனக்குப் பிடிச்சது?"

கைப்பேசி உள்சட்டையில் அவள் உடம்புச் சூட்டில் இருந்தது. எடுத்துக் காட்டினால் ரவீலின் வாய் அடைபட்டுவிடும். உன்னால்தான் அது இவ்வளவு தூரம் ஓடிப் பிழைத்தது என்று சொல்லலாம். அடுத்த கேள்வி எங்கே என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த அறையை விட்டு வெளியே போக முடியாது.

"மைனா" என்றாள்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை.

"குப்பைத் தொட்டி மைனாவா?" என்றான் சாபித்.

"ஆமா. என் வண்டி கடைசி ஸ்டாப்புல நிக்கும்போது தினம் ஒண்ணு உள்ள ஏறும். ஆறாவது சீட்டோட பஞ்சப் பிய்ச்சு எடுத்துட்டுப் போய் விளக்குக் கம்பத்து ஓட்டையில திணிக்கும். டிக்கெட் எடுக்காது. மெக்கானிக் நான்தான் சீட்டக் கிழிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டான். மூணு குஞ்சு பொரிச்சுது. எங்க பாத்தேன்னு கேட்டீங்கன்னா, டிப்போவுக்கு எதிர்ல. யாரு வேணா வரலாம்."

சிரித்தார்கள். அது உண்மையாகவே நடந்தது என்பதால் அவளுக்குச் சொல்வது கஷ்டமாக இல்லை.

"அப்ப மேல எதுவும் பாக்கலையா அப்பாய்?" என்றான் ரவீல். அவன் குரலில் இருந்த ஏமாற்றம் நிஜம்.

"ஆட்டுக்காரன் நாய் தொரத்துச்சு. கல்லும் தண்ணியும்தான் இருக்கு. மேல ஏறி உங்க எல்லார் முட்டியும்தான் போகும்." அவள் தொலெகென் ஆகா பக்கம் திரும்பினாள். "ஆகா, ஒண்ணு சொல்றேன். இத்தனை வருஷமா சர்க்கரைதான் இடத்தத் தீர்மானிச்சிருக்கு. நீங்க ஏற்படுத்தின வழக்கம். நான் கோவத்துல நாலு வார்த்தை பேசினேன்னு அத நிறுத்தறது முறையில்ல. யாரு ஜெயிக்கறாங்களோ அந்த இடத்துக்கே போவோம். தேடல் கீடல் எதுவும் வேணாம்."

பெரியவருக்கு அது இனித்தது. தான் ஏற்படுத்திய வழக்கம் என்று சபையில் யாராவது சொன்னால் இனிக்காமல் இருக்குமா? தாடியைத் தடவினார். "அவ சொல்றது நியாயம்" என்றார்.

கூலியாஷ் எழுந்தாள். முதல் சர்க்கரைக் கட்டியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போனாள். லிதியாவின் கிண்ணத்தைத் தாண்டினாள். ரவீலின் கிண்ணத்தில் போட்டாள். சத்தம் கேட்கும்படி போட்டாள்.

அறை நிம்மதிப் பெருமூச்சு விட்டது. சண்டை தீர்ந்தது, திட்டியவளே போட்டுவிட்டாள், இனி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வரிசையாக எழுந்து வந்தார்கள். ரவீலின் கிண்ணம் வழிந்து தட்டில் கொட்டியது.

"மே மாசம் கராசுத் திட்டு!" என்று தொலெகென் ஆகா அறிவித்தார். "அதே இடம். பறவை திரும்பி வந்திருந்தா தூரத்துலேருந்து பாக்கறோம். யாரும் எதையும் இழுக்கக் கூடாது. சரியா ரவீல்?"

"கட்டையே இல்லையே ஆகா, எத இழுக்கறது?" என்றான் ரவீல். எல்லாரும் சிரித்தார்கள்.

இல்லாத திட்டுக்கு வண்டி பிடித்து, கரையில் கேமராவை வரிசையாக ஊன்றி, ஓடுகிற தண்ணீரைப் பார்த்து நிற்கப்போகிறார்கள். பாலம் கிடையாது. குஞ்சு பொரித்த இடத்துக்கு ஏறிப் போகவும் முடியாது. நிற்கட்டும். ஒருநாள் முழுக்க நிற்கட்டும்.

கோட்டு மாட்டும் இடத்தில் ரவீல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பாய், உங்க மனசு பெரிசு. நான் நெனைக்கவே இல்ல. மே மாசம் உங்களுக்கு முன்னாடி இடம், என் லென்ஸ்லயே பாருங்க."

"உன் பல்லப் பாத்துக்கோ முதல்ல" என்று கையை உருவிக்கொண்டாள்.

வெளியே மிதித்து இறுகிய பனியில் லிதியா பெத்ரோவ்னா காத்திருந்தாள். தொப்பியைக் காதுவரை இறக்கியிருந்தாள். கையில் குச்சி. பஸ் நிறுத்தம்வரை இருவரும் கைகோத்து நடப்பது வழக்கம். இன்றைக்கு அவள் கையை நீட்டவில்லை.

"நான் அவன் மூஞ்சியப் பாத்துத் தப்புன்னு சொன்னேன்" என்றாள். "இந்த வயசுல, அத்தனை பேரு முன்னாடி. யாருக்காகச் சொன்னேன்?"

"எனக்காக."

"நீ போய் அவன் கிண்ணத்துல போடற. முதல் ஆளா. எதுக்கு கூலியா? பயமா? உன்ன யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னா?"

கூலியாஷ் வாயைத் திறந்தாள். இந்த உலகத்திலேயே அந்தக் குஞ்சைக் காட்ட வேண்டிய ஆள் ஒருத்தி உண்டு என்றால் அவள் இவள்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் நடுத்தெருவில் நின்று அழுவாள், கட்டிப்பிடிப்பாள். நாளைக்குக் காலையில் ஒரு நாலு பேரிடம் சொல்லுவாள். நல்லெண்ணத்தோடுதான் சொல்லுவாள்.

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்க" என்றாள்.

லிதியா குச்சியை ஊன்றி, வழுக்கும் நடைபாதையில் தனியாக நடந்தாள். கூலியாஷ் பின்னால் போகவில்லை. பல் மருத்துவனுக்கு ஒரு படம் கிடைத்தது, கிண்ணம் நிறைய சர்க்கரையும் கிடைத்தது. பெரியவருக்கு வழக்கம் காப்பாற்றப்பட்டது. அதற்கெல்லாம் சேர்த்து விலை கொடுத்தது யார் என்று நினைத்தபோது அவளுக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

லிதியா தெருமுனையில் நின்று திரும்பாமலே கத்தினாள்: "மே மாசம் நான் வரல!"

"வராதீங்க!" என்று இவளும் கத்தினாள். "அங்க ஒரு மண்ணும் இல்ல!"